போன பாக்கெட் திரும்பி வந்த வழி: மைக்ரோடிக் ஹேப் ஏசி2, நாலரை வருஷத்துக்குப் பிறகு

மைக்ரோடிக் ஹேப் ஏசி2 ரூட்டர் வாங்கி நாலரை வருஷம் ஆகிறது. ஐந்து கிகாபிட் போர்ட், 128 எம்பி ரேம். எங்கள் 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குத் தாராளம். வேகத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ரூட்டிங்கை, அதாவது தரவு எந்த வழியில் போக வேண்டும் என்பதை, ஒழுங்காக அமைக்க எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. அந்தக் கதைதான் இது.

கீழ்த்தளத்தில் ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி, 192.168.1.1. அதன் வைஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு ஏறாது. ஒரு கேபிளை மேலே இழுத்து, முனையில் ஹேப்பைச் செருகினேன். அது தன் பங்குக்கு 192.168.88 என்று தனி நெட்வொர்க் போட்டுக்கொண்டது. மாடியில் எல்லாம் ஓடியது. கேட் கேமராவின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆரையும் அதிலேயே மாட்டினேன். அன்று ராத்திரியே கீழிருந்து அப்பா குரல்: "ஏன்டா, கேமரா சுத்திக்கிட்டே இருக்கு, படத்தையே காணோம்."

88 எந்தப் பக்கம் என்று கீழ்ப்பெட்டிக்குத் தெரியாது. அதில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (இந்த நெட்வொர்க்குக்கு இந்த வழி என்ற நிலையான குறிப்பு) போட்டேன்: 192.168.88.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. அந்த 1.2 ஹேப்பின் வான் பக்க, அதாவது கீழ்ப்பெட்டியை நோக்கிய வெளிப்பக்க ஐபி. அதை முதலில் நிலையாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கரண்ட் கட்டில் மாறிப்போகலாம். அடுத்து, எதை உள்ளே விடுவது என்று பார்க்கும் ஹேப்பின் ஃபயர்வாலில், கீழ்த்தள 192.168.1.0 நெட்வொர்க்கை உள்ளே விடும் விதி. புது விதி பட்டியலின் அடியில் போய் உட்காரும். வெளியிலிருந்து வருவதையெல்லாம் தள்ளும் விதி அதற்கு மேலே இருக்கும். புதியதை இழுத்து மேலே வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இப்போது பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கும் சோதனை) போனது, டிவிஆரின் வெப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. மாதக்கணக்கில் என்னைச் சுற்றவிட்டது இதுதான். அப்பாவின் போனிலிருந்து கிளம்பும் பாக்கெட் (தரவுத் துண்டு) 1.1-க்குப் போய், அங்கிருந்து 1.2 வழியாக டிவிஆரை அடைகிறது. பதிலோ 1.1-ஐ எட்டிக்கூடப் பார்க்காமல் நேராகப் போனுக்கு வந்துவிடுகிறது, ஹேப்பின் வான் பக்கமும் போனும் ஒரே நெட்வொர்க் என்பதால். முன்வாசலில் போன மச்சான் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்த கதை. பாதிப் பேச்சை மட்டும் கேட்ட கீழ்ப்பெட்டியின் ஃபயர்வால், அடுத்து வரும் டிசிபி பாக்கெட்டைச் சந்தேகப்பட்டு வெட்டிவிடுகிறது. டிசிபி-யில் இரு பக்கமும் முதலில் கைகுலுக்கிக்கொள்ள வேண்டும்; பிங்குக்கு அந்த ஹேண்ட்ஷேக் கிடையாது, அதனால் தப்பித்துக்கொள்கிறது.

கம்ப்யூட்டர் என்றால் அதிலேயே ரூட் ஆட் கமாண்டில் 1.2-ஐக் காட்டிவிடலாம், காட்டினேன். சாதாரண ஆண்ட்ராய்டு போனில் அதற்கு இடமில்லை. போர்ட் ஃபார்வர்ட் (1.2-க்கு வருவதை டிவிஆருக்குத் தள்ளிவிடுவது) போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டேன், கீழே படம் வந்தது. அதே போனோடு அப்பா மாடிக்கு வந்தால் வராது. ஹேர்பின் நாட் என்று அதற்கும் ஒரு வைத்தியம் உண்டு. ஆனால் ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

கடைசியில் கீழ்ப்பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி கம்பெனியைக் கேட்டேன். முதலில் வந்தவர் முடியாது என்றார், அடுத்து வந்தவர் ஐந்து நிமிஷத்தில் முடித்தார். ஹேப்பைக் கீழே இறக்கி, கம்பெனி இணைப்புக்கான லாகினாகிய பிபிபிஓஇ-யை அதிலேயே போட்டேன். இணைப்பு ஏறியது, நெட் வரவில்லை. புதிதாக உருவான பிபிபிஓஇ இன்டர்ஃபேஸை வான் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தேன். வீட்டு ஐபி-யை மாற்றி வெளியே அனுப்பும் நாட் விதி அந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். மாடிக்கு ஒரு பழைய ரூட்டர் போதுமானதாக இருந்தது: ஐபி பங்கிடும் டிஎச்சிபி-யை நிறுத்தி, ஐபி-யை 192.168.88.2 ஆக்கி, கேபிளை வான் ஓட்டையில் செருகாமல் லேன் ஓட்டையில் செருகினேன். டிவிஆரும் அதிலேயே. இப்போது வீடு முழுக்க ஒரே நெட்வொர்க். ரூட்டிங் செய்வது ஹேப் ஒன்றுதான்.

மைக்ரோடிக்கை அமைக்கும் மென்பொருளான வின்பாக்ஸில் எதைத் தொடுமுன்னும் சேஃப் மோட் பட்டனை அழுத்திவிடுங்கள். தப்பான விதி போட்டு இணைப்பு அறுந்தால், செய்ததெல்லாம் தானாகப் பழையபடி திரும்பும். நான் அதை அறிந்தது இரண்டு முறை ரீசெட் பட்டனை அழுத்திய பிறகு.

பிறகு ஒருநாள் வேறு வேலையாக வந்த கம்பெனி ஆள் கீழ்ப்பெட்டியை ரீசெட் செய்துவிட்டுப் போக, அது மறுபடி ரூட்டராகி, நெட்டும் போனது. இப்போது அதன் மேல் அப்பா கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "பையனைக் கேட்காமல் தொடாதீர்கள்."