ஃபைல்ஜில்லாவும் என் வலைப்பக்கமும்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

சொந்தமாக ஒரு வலைப்பக்கம் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அதை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். குறிமொழியைக் கற்றுத்தர எத்தனையோ பாடங்கள் கிடைக்கின்றன. ஆனால் எழுதியதை எப்படிச் சேமிப்பது, பக்கத்தை இணையத்தில் வைத்திருக்கும் கணினியான சர்வருக்கு எப்படி அனுப்புவது என்பதை அவற்றில் பலவும் இரண்டே வரியில் முடித்துவிடுகின்றன. புதிதாகத் தொடங்குபவர் திகைத்து நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பல ஆண்டுகளாக என் பக்கத்தை நோட்பேடில் எழுதி, ஃபைல்ஜில்லா என்ற இலவச மென்பொருள் வழியாகப் பதிவேற்றி வருகிறேன். 2001 முதல் வெளிவரும் இந்த மென்பொருள், கணினியில் இருப்பதையும் சர்வரில் இருப்பதையும் ஒரே திரையில் அருகருகே காட்டுகிறது. கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சேமிப்பு. பதிவேற்றத்தில் வந்ததாக நினைக்கும் சிக்கல்களில் பாதிக்கு மேல் சேமிப்பிலேயே தொடங்கியவை. விண்டோஸ் இயல்பாகவே கோப்பின் பின்னொட்டை, அதாவது பெயரின் இறுதியில் வகையைச் சொல்லும் பகுதியை, மறைத்து வைப்பதால், இண்டெக்ஸ் என்ற பெயருக்குப் பின் எச்.டி.எம்.எல். என்று நாம் தட்டச்சு செய்தாலும், நோட்பேட் அதன் வாலில் டி.எக்ஸ்.டி. என்பதையும் சேர்த்துவிடக்கூடும், அப்போது உலாவி பக்கத்தைக் காட்டாமல் நிரல் வரிகளை அப்படியே கொட்டும். பின்னொட்டுகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றிவிட்டு, சேமிக்கும் பெட்டியில் கோப்பு வகையை ‘அனைத்துக் கோப்புகள்’ என்று தேர்ந்தெடுத்தால் இது நேராது. தமிழில் எழுதுபவர்கள் எழுத்துகளைக் கணினி பதிந்துவைக்கும் முறையான குறியாக்கத்தையும் கவனிக்க வேண்டும். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நாமே அதைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

கோப்புப் பெயர்களில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்: ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், இடைக்கோடு, அவ்வளவுதான். பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குகின்றன, லினக்ஸோ பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகவே கொள்ளும். பல கேமராக்கள் படத்தின் பின்னொட்டைப் பெரிய எழுத்தில் ஜே.பி.ஜி. என்று இடுகின்றன, பக்கத்தில் நாம் அதைச் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருந்தால், நம் விண்டோஸ் கணினியில் ஒழுங்காகத் தெரியும் படம் சர்வருக்குப் போனதும் காணாமல் போகும். தமிழில் பெயர் வைத்தாலும் கோப்பு திறக்கும். ஆனால் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ‘க’ என்ற ஓர் எழுத்து மட்டுமே ஒன்பது குறிகளாக நீள்வதால், பகிர்வதற்கு அது வசதியாக இல்லை.

இனி பதிவேற்றம். கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்.டி.பி. நெறிமுறையின் முதல் வரைவை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண். அந்தப் பழைய நெறிமுறையில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் வெளிப்படையாகவே பயணிக்கும் என்பதால், சர்வர் இடம் தந்தால் எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபைல்ஜில்லாவின் தள மேலாளரில் நெறிமுறை என்ற இடத்தில் அதைக் குறித்து, சேவை தருபவர் வேறு எண் சொல்லாத வரை போர்ட் எனப்படும் இணைப்பு வாயில் எண்ணை 22 ஆகவே விட்டுவிட்டால் போதும். இணைந்ததும் இடப்பக்கம் நம் கோப்புறையும் வலப்பக்கம் சர்வரும் திறக்கும். பல சேவைகளில் பப்ளிக் எச்.டி.எம்.எல். என்ற கோப்புறைக்குள் போடுவது மட்டுமே வெளியுலகுக்குத் தெரியும். அதற்கு வெளியே போட்டுவிட்டு உலாவியில் தேடினால் கிடைக்காது.

அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், என்ன செய்யலாம் என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் ‘தொடர்க’ என்ற தேர்வு, பாதியில் அறுந்த பெரிய கோப்புகளுக்கானது. திருத்திய பக்கத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தால், பழைய கோப்பின் முடிவில் புதியதன் மிச்சம் ஒட்டிக்கொண்டு பக்கம் குலைந்துவிடும், மேலெழுதுவதே சரி. அனுப்பி முடித்ததும் அடியில் உள்ள ‘தோல்வியடைந்தவை’ பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எல்லாம் போய்ச் சேர்ந்தும் உலாவி பழைய பக்கத்தையே காட்டினால், அது பெரும்பாலும் உலாவியின் தற்காலிகச் சேமிப்பாகத்தான் இருக்கும். கன்ட்ரோல் விசையுடன் எஃப் 5-ஐ அழுத்தினால் புதியது வந்துவிடும்.

நீண்ட காலப் பயன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது கோப்புறை ஒப்பீடு. கணினி, சர்வர் இரண்டில் ஒன்றில் மட்டுமே உள்ள கோப்பை மஞ்சளிலும், புதியதைப் பச்சையிலும், அளவு மாறியதைச் சிவப்பிலும் அது காட்டுவதால், எதைப் பதிவேற்ற மறந்தோம் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. நேரத்தை வைத்து ஒப்பிட வேண்டுமானால், பரிமாற்ற மெனுவில் கோப்பின் நேரத்தை அப்படியே காக்கும் தேர்வை முன்பே இயக்கியிருக்க வேண்டும். இல்லையேல் பதிவேற்றிய நேரமே சர்வரில் பதிந்து, பழைய கோப்பும் புதியதாகத் தோன்றும்.

சர்வரில் உள்ள கோப்பை அங்கிருந்தபடியே திறந்து திருத்தும் வசதியும் உண்டு. தொடங்குபவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருத்தம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தாலும், நம் கோப்புறையில் பழைய கோப்பே தங்கிவிடும். அடுத்த முறை அந்தக் கோப்புறையை முழுதாகப் பதிவேற்றும்போது, செய்த திருத்தம் அழிந்துவிடும். மூலம் எப்போதும் நம் கணினியில், நகல் சர்வரில் என்ற ஒழுங்கை மீறாதவரை இந்தக் குழப்பமே வராது.

ஃபைல்ஜில்லா முந்தைய பதிப்புகளைச் சேர்த்துவைப்பதில்லை. வலப்பக்கத்தில் அழிக்கும் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரடியாக மறைந்துவிடும். அதனால் பெரிய மாற்றங்களுக்கு முன் கோப்புறை முழுவதையும் ஜிப் கோப்பாக்கி, பெயரில் தேதியையும் சேர்த்து, வேறொரு வட்டில் வைத்துவிடுகிறேன்.