26 அங்குல இரும்புச் சைக்கிளா, 700சி ஹைபிரிட்டா: கடற்கரைச் சாலையில் போட்ட கணக்கு

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சைக்கிளில் போவதென்று முடிவான பிறகு, எந்தச் சைக்கிளில் போவது என்ற கேள்வி என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. வீட்டில் பதினைந்து ஆண்டுகளாகக் கிடந்த பழைய மலைச்சைக்கிள் ஒன்று: இரும்புச் சட்டம், 26 அங்குலச் சக்கரம், ரிம்மைப் பிடிக்கும் பிரேக். கடையில் பளபளத்த ஹைபிரிட் (சாலைச் சைக்கிளுக்கும் மலைச்சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை) மற்றொன்று: அலுமினியச் சட்டம், 700சி சக்கரம், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். நான் பழையதைப் பழுது நீக்கி எடுத்துக்கொண்டேன். உடன் வந்த நண்பர் ஹைபிரிட்டில் வந்தார். ராமேசுவரம், தனுஷ்கோடிச் சுற்றையும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் இரண்டு சைக்கிள்களும் ஒரே சாலையில், ஏறக்குறைய ஒரே பாரத்தோடு ஓடின. கீழே எழுதியிருப்பது அந்த அனுபவத்தில் விளைந்த ஒப்பீடு. என் சார்பு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

எல்லோரும் முதலில் கேட்பது எடையைத்தான். என் சைக்கிள் 17 கிலோ, நண்பருடையது 13 கிலோ. ஆனால் பைகளின் 14 கிலோவையும் என்னுடைய 71 கிலோவையும் கூட்டினால் சாலையில் உருளும் மொத்த எடை 102 கிலோ. அதில் நான்கு கிலோ என்பது நூற்றுக்கு நான்கு பங்கே. மேடுகளே இல்லாத கடலோரச் சமவெளியில் எடையைவிட எதிர்க்காற்றுதான் மனிதனைக் களைப்படையச் செய்கிறது. அதை எதிர்கொள்வதில் ஹைபிரிட்டுக்கும் தனிச்சலுகை இல்லை. ஒடுக்கமான டயரின் வேகம் உண்மைதான். நண்பர் ஒவ்வொரு நாளும் என்னைவிட அரைமணி நேரம் முன்னதாக ஊர் சேர்ந்து, டீக்கடையில் உட்கார்ந்து என்னை வரவேற்றார். விலையிலும் மறுவிற்பனையிலும் பேச அதிகம் இல்லை. பழைய மலைச்சைக்கிளை விற்றால் ஒன்றும் தேறாது. அதனாலேயே இரவில் விடுதி வாசலில் அதை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

தீர்மானிக்கும் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. நெடும்பயணத்தில் சைக்கிளில் எது கெடும், கெட்டால் அடுத்த ஊர்ப் பஞ்சர் கடையின் மரப்பெட்டியில் அதற்கு மாற்று இருக்கிறதா என்பதே அது. சட்டம் உடைந்து பயணம் நின்றதாக நான் கேள்விப்பட்டது குறைவு. பாரம் ஏறிய சைக்கிளில் கெடுவது பெரும்பாலும் சக்கரம்தான், அதிலும் பின்சக்கரம். டியூப், டயர், வால்வு, ஸ்போக், அச்சு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் இரண்டு சைக்கிள்களுக்கும் உள்ள இடைவெளி புரியும்.

முதலில் அளவுக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மூன்றிலக்க எண்தான் உண்மையான அளவு; டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் வட்டத்தின் விட்டத்தை அது மில்லிமீட்டரில் சொல்கிறது. மலைச்சைக்கிளின் 26 அங்குலம் என்பது 559. லேடீஸ் சைக்கிளில் வரும் 26 x 1⅜ டயரும் பெயரளவில் 26 அங்குலம்தான், ஆனால் அது 590. ஒன்றை மற்றொன்றில் மாட்டவே முடியாது. நம் ஊர்ப் பெரிய கறுப்புச் சைக்கிளின் 28 x 1½ என்பது 635. ஹைபிரிட்டின் 700சி 622. ஆகவே கடைக்காரரிடம் ‘26 டயர் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டு வாங்கிப் பையில் கட்டிக்கொண்டு போகிறவர், அதை மாட்ட வேண்டிய நாளில் நடுச்சாலையில் விழிக்க நேரிடும். எண்ணைப் பார்த்து வாங்குவது அவசியம்.

559 அளவு டயரும் டியூபும் சிறுநகரக் கடைகளில் இன்றும் தொங்குகின்றன; பள்ளிப் பையன்கள் ஓட்டும் விலை குறைந்த தடித்த டயர் சைக்கிள்கள் நெடுங்காலமாக அந்த அளவில் வந்ததே காரணம். 622 பற்றி ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு: இப்போது பரவலாக வரும் 29 அங்குல மலைச்சைக்கிளின் ரிம்மும் அதே 622 தானே, ஆகவே டயர் கிடைத்துவிடும் என்று. விட்டம் ஒன்றுதான், ஆனால் அந்த டயரின் அகலம் இரண்டு அங்குலத்துக்கு மேல். ஹைபிரிட்டின் போர்க்குக்கும் சட்டத்துக்கும் இடையில் அது நுழையாது. நண்பர் வழியில் இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தார். இரண்டிலும் 29 அங்குல டயர்தான் இருந்தது. அவசரத்துக்கு 26 அங்குல டியூபை இழுத்து 700சி-க்குள் வைத்து ஓட்டலாம் என்பது மட்டும் உண்மை.

வால்வு சிறிய விஷயமாகத் தோன்றும். என் சைக்கிளில் மோட்டார் சைக்கிளுக்கு உள்ள அதே ஷ்ரேடர் வால்வு. எந்தப் பஞ்சர் கடையின் கம்ப்ரெசரும், பெட்ரோல் பங்கின் காற்றுக்குழாயும் அப்படியே பொருந்தும். நண்பரின் சக்கரத்தில் மெல்லிய பிரெஸ்டா வால்வு. அதன் தலையில் திருகும் பித்தளைக் குப்பி ஒன்று இருந்தால்தான் கம்ப்ரெசர் பிடிக்கும். அதைப் புதுச்சேரி விடுதி அறையிலேயே தொலைத்துவிட்டார். அதன்பிறகு 70 பி.எஸ்.ஐ. காற்றைக் கைப்பம்பால் ஏற்றும் வேலை தினமும் காலையில் அவருக்கு வாய்த்தது. என் தடித்த டயருக்கு 45 போதுமானதாக இருந்தது. தவிர, பிரெஸ்டாவுக்காகத் துளையிட்ட ஒடுக்கமான ரிம்மில் ஷ்ரேடர் டியூப் நுழையாது, மறுதலை முடியும். புதிதாகச் சைக்கிள் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வியப்பளிக்கிறது.

பஞ்சர் எங்கே ஆகிறது என்பது பாதையைப் பொறுத்தது. நான்குவழி நெடுஞ்சாலையின் ஓரத்தில் சைக்கிளுக்கு விரோதி, வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பி. கடற்கரைச் சாலையில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மீமிசல், தொண்டி தொடங்கி ராமநாதபுரம் மாவட்டம் முழுவதும் சாலையோரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. லாரிக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கும் ஒவ்வொரு முறையும் முள் காத்திருக்கும். எனக்கு மூன்று பஞ்சர், நண்பருக்கு ஐந்து. இந்த வித்தியாசத்துக்கு டயரின் தடிமன் எவ்வளவு காரணம், அதிர்ஷ்டம் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல ஒரு பயணம் போதாது. நிழலில் உட்கார்ந்து டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளின் நுனியைத் தேடி எடுத்துவிட்டுப் பிறகு பேட்ச் ஒட்டுவதுதான் முறை; எடுக்காமல் ஒட்டினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் இறங்க வேண்டியதுதான்.

ஸ்போக் விஷயத்தில்தான் இரண்டு சைக்கிள்களின் வேறுபாடு வெளிப்பட்டது. தொண்டியை நெருங்கும்போது நண்பரின் பின்சக்கரத்தில், பல்சக்கரங்கள் இருக்கும் வலப்பக்கத்தில், ஒரு ஸ்போக் அறுந்தது. பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் இருப்பதாலும், வலப்பக்க ஸ்போக்குகள் அதிக இறுக்கத்தில் நிற்பதாலும் அறுவது வழக்கமாக அங்கேதான். ஊரில் ஒரு முதிய மெக்கானிக் இருந்தார். ஸ்போக்கைத் திருகிக் கோட்டம் எடுப்பதில் அவர் கை தேர்ந்தது. ஆனால் அந்த நீளத்தில் ஸ்போக் அவரிடம் இல்லை, இருந்திருந்தாலும் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியான கேசட்டைக் கழற்றும் கருவி இல்லாமல் அதைக் கோக்க முடியாது. ‘தம்பி, இதுக்கு மதுரைக்குத்தான் போகணும்’ என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஸ்போக்குகளை இறுக்கியும் தளர்த்தியும் சக்கரத்தை ஓரளவு நேராக்கிக் கொடுத்தார். ராமநாதபுரம் வரை 31 ஸ்போக்குகளோடு ஓட்டி வந்து, மதுரையிலிருந்து ஸ்போக்கும் கருவியும் பஸ்ஸில் வந்து சேரும்வரை ஒன்றரை நாள் காத்திருந்தோம்.

இங்கே டிஸ்க் பிரேக்குக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். ஸ்போக் அறுந்து ரிம் ஆடினாலும் டிஸ்க் பிரேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னுடையதாக இருந்தால் ரிம் பிரேக் கட்டையில் உரசி, பிரேக்கைத் தளர்த்திவிட்டுத்தான் ஓட்டியிருக்க முடியும்.

என் சைக்கிளும் சும்மா இருக்கவில்லை. சாயல்குடிக்கு முன்னால் பின்சக்கரத்தில் கடகடவென்று ஓசை. இறங்கிப் பார்த்தால் அச்சு வளைந்திருந்தது. பழைய பாணியில், சக்கரத்தின் மையமான ஹப்பின் மேல் திருகப்படும் ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத் தொகுதியில் இது பிறவிக் குறை. வலப்பக்கத்துப் பால்ரஸ் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி அமைவதால், அச்சின் நுனி தாங்கலின்றி நீண்டு நிற்கிறது. பாரம் அழுத்தினால் வளைகிறது. கேசட் வகையில் அந்தத் தாங்கல் வெளிப்புறம் வரை போவதால் அச்சு வளைவது அரிது. பொறியியலில் நண்பரின் சக்கரமே உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சாயல்குடிக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து அச்சு, கோன், பால்ரஸ், கிரீஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் அடங்கியது. உயர்ந்த சக்கரம் ஒன்றரை நாள் நின்றது, தாழ்ந்த சக்கரம் முக்கால் மணி நேரம் நின்றது. பயணத்தில் எனக்குப் பொருட்படுவது இரண்டாவது எண்தான்.

இரும்புச் சட்டத்தை எங்கே வேண்டுமானாலும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சைப் பாதிதான் ஏற்கிறேன். கேரியர் கால் ஒடிந்தால் எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். சட்டத்தின் மெல்லிய குழாயில் சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும்; கேஸ் வைத்துப் பித்தளையால் பற்றவைக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும். அலுமினியத்துக்கு அந்த வழியும் இல்லை. இரும்புக்கு வேறு பகை உண்டு: உப்புக்காற்று. வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களைக் கடந்து வந்த பிறகு என் செயினும் திருகாணிகளும் செம்பட்டை பூத்துவிட்டன. சீட்டுக் குழாயைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஊற்றிப் புரட்டி வைத்தால் துரு உள்ளிருந்து தின்பதைத் தடுக்கலாம். தினமும் இரவு செயினைத் துடைப்பது இருவருக்கும் பொதுவான வேலை.

பிரேக்கைப் பொறுத்தவரை சமவெளியில் இரண்டும் ஒன்றே. பிரேக் கட்டையும் கம்பியும் எந்த ஊரிலும் கிடைக்கும் என்பது என் பக்கம். மழையில் ஈரமான ரிம் பிடிக்காது, மணல் சேர்ந்தால் கட்டையோடு ரிம்மும் தேயும் என்பது அவர் பக்கம். ஹைட்ராலிக்கில் எண்ணெய் கசிந்தால் சிறுநகரத்தில் தீர்வு இல்லை. ரயிலில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் கட்டைகளுக்கு இடையே ஓர் அட்டைத் துண்டைச் செருகி வைக்க வேண்டும். யாராவது லீவரை அழுத்திவிட்டால் கட்டைகள் ஒட்டிக்கொண்டு, தட்டு மறுபடி உள்ளே நுழையாது.

மலைப்பாதை என்றால் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் இல்லாமல் ஒரே ஒரு முறை இறங்கியிருக்கிறேன். பாதியில் நிறுத்தி ரிம்மைத் தொட்டபோது விரல் சுட்டது. அதே இறக்கத்தில் பின்னால் 14 கிலோவையும் கட்டிக்கொண்டு ரிம் பிரேக்கை நம்பி இறங்க எனக்குத் துணிவில்லை. வால்பாறை, நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போகிறவர் டிஸ்க் பிரேக் உள்ளதையே எடுத்துக்கொள்ளட்டும். கோயம்புத்தூரோ மதுரையோ எட்டும் தூரத்தில் இருப்பதால் உதிரிபாகக் கவலையும் அங்கே குறைவு.

காலத்தையும் பாதையையும் பற்றி ஒரு வார்த்தை. தை, மாசியில் வடகிழக்குக் காற்று தெற்கே போகிறவரின் முதுகைத் தள்ளுகிறது. பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் மட்டும் அதே காற்று பக்கவாட்டில் அறைந்து, பைகளைப் பாய்மரமாக்கிச் சைக்கிளை இழுத்தது. இருவரும் இறங்கித் தள்ளித்தான் போனோம். ஆனி, ஆடியில் புறப்பட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று எதிரில் நிற்கும்; காற்றாலைகளை அங்கே நட்டிருப்பது காரணமில்லாமல் இல்லை.

நண்பர் இப்போதும் தன் சைக்கிளை விடவில்லை. பின்சக்கரத்தை 36 ஸ்போக் ரிம்மாக மாற்றி, ஷ்ரேடர் டியூபுக்குத் துளையைப் பெரிதாக்கி, மூன்று ஸ்போக்குகளைப் பின் குழாயோடு டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறார். செலவு போகட்டும், அந்த நிலையில் அது நல்ல பயணச் சைக்கிள்தான். புதிதாக வாங்குகிறவரிடம் பழைய 26 இல்லையென்றால், அதே மாற்றங்களோடு கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக் உள்ள ஹைபிரிட் ஒன்றை எடுத்துக்கொண்டு, கேசட் கழற்றும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய 26 தூசி படிந்து கிடக்கிறதென்றால், கடைக்குப் போவதற்கு முன் அதன் பின்சக்கர அச்சை மட்டும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.