பேஸ்மேக்கர் வைத்து மூன்றரை ஆண்டு: இடது தோள் பட்ட பாடு

இதயத்துடிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர் கருவியை வைத்துக்கொண்டு மூன்றரை ஆண்டு ஆகிறது. கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நாடித்துடிப்பு 40க்குக் கீழே இறங்கி, படி ஏறினாலே கண் இருட்டிக்கொண்டு வந்த நாட்கள் போயே போய்விட்டன. அதனால் கருவியைப் பற்றி எழுத அதிகமில்லை. எழுத வேண்டியது தோளைப் பற்றி. ஆபரேஷனுக்கு முன்னால் இதயத்தைப் பற்றி டாக்டரிடம் அத்தனை கேள்வி கேட்டேன். கையைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த எட்டு மாதம் என்னைப் படுத்தி எடுத்தது அந்தக் கைதான்.

இடது காறை எலும்புக்குக் கீழே சுமார் இரண்டு அங்குலம் கீறி, தோலுக்கும் மார்புத் தசைக்கும் நடுவே பை மாதிரி இடம் பண்ணி, அதில் கருவியை வைக்கிறார்கள். அங்கிருந்து லீட் என்கிற மெல்லிய கம்பிகள் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகின்றன. எனக்கு இரண்டு லீட். மரத்துப்போகிற ஊசி இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. இரவில்தான் ஆரம்பித்தது. தையலை யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்திருப்பது போல ஒரு வலி. மூன்றாம் நாள் ரத்தக்கட்டு கருநீலமாக அக்குள் வரை இறங்கி, பிறகு மஞ்சளாகி மறைந்தது. பாராசிட்டமாலுக்கே இந்த வலி அடங்கியது. பத்துப் பன்னிரண்டு நாளில் காயத்து வலி பெரும்பாலும் போய்விட்டது.

சிக்கல் அதற்கப்புறம்தான். வீட்டுக்கு அனுப்பும்போது, “ஆறு வாரம் கையைத் தோளுக்கு மேலே தூக்காதீங்க, கனமான எதையும் தூக்காதீங்க” என்றார்கள். சரியான அறிவுரைதான். லீட்டின் முனை இதயத் தசையில் நன்றாகப் பிடித்துக்கொள்ளச் சில வாரம் ஆகும். அதற்குள் கையை வீசி இழுத்தால் அது நகர்ந்துவிடலாம். ஆனால் நான் பயத்தில், கையை அசைக்கவே கூடாது என்று எடுத்துக்கொண்டேன். முழங்கையை விலாவோடு ஒட்டியே வைத்திருந்தேன். ஆபரேஷன் நடந்த அன்றைய ராத்திரிக்கென்று கொடுத்த, கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் கைத்தொட்டிலை ஆறு வாரமும் கழற்றவில்லை. தூங்கும்போது கை தானாக மேலே போய்விடுமோ என்று துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

ஆறு வாரம் முடிந்து தொட்டிலைக் கழற்றியபோது கை எழும்பவில்லை. சட்டை போட வேண்டுமானால் இடது கையை முதலில் நுழைத்து, வலது கையால் சட்டையைச் சுற்றி இழுக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தில் புரண்டால் தோளிலிருந்து முழங்கை வரை மின்னல் மாதிரி வெட்டும். எழுந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு விடிவதற்காகக் காத்திருப்பேன். கம்பி எங்கோ உரசுகிறது என்றே நம்பினேன்.

பரிசோதனையில் கருவியும் லீட்டும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்தது. நிம்மதிதான், ஆனால் வலி அப்படியே இருந்ததே! எலும்பு மூட்டு டாக்டரிடம் போனேன். அவர் என் கையைத் தானே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அவர் தூக்கியும் அது பாதிக்கு மேல் போகவில்லை. உறைந்த தோள், அதாவது ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிக்கொள்வது. அசைக்காமல் வைத்திருந்தால் வரலாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும். எனக்குச் சர்க்கரை உண்டு. தோளுக்குக் கீழான சாதாரண அசைவுகளை முதலிலிருந்தே செய்யலாம், செய்யவும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் என் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும். இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிசியோதெரபிக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். உள்ளே நுழைந்ததும் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டிவிடுங்கள். தோள்வலிக்கு வழக்கமாக வைக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மி, அதாவது மின்காந்த அலைகளால் உடம்புக்குள் சூடேற்றும் சிகிச்சை, நமக்குக் கூடவே கூடாது. அந்த அலைகள் கருவியைக் கெடுக்கலாம், லீட்டைச் சூடாக்கி இதயத் தசையைச் சுடலாம். கரண்ட் வைக்கும் மெஷின்களையும் இதய டாக்டரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வெந்நீர்ப் பை ஒத்தடமும் பயிற்சியும் மட்டும்தான்.

பயிற்சி எளிமையானது. மேசையில் வலது கையை ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவது. அப்புறம் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே நடக்க விடுவது. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம். விரல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். முதல் கோடு என் மோவாய் உயரம்கூட இல்லை. மூன்று வாரம் கோடு அசையவே இல்லை. விட்டுவிடலாம் என்று தோன்றியது அப்போதுதான். நான்காவது வாரம் ஒரு விரற்கடை ஏறியது. ஐந்தாம் மாதம் தலையைத் தாண்டியது. இப்போதும் வலது கைக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழேதான் நிற்கிறது, ஆனால் வலி இல்லை.

எல்லா வலியையும் தோள் என்று விட்டுவிடவும் கூடாது. கை முழுக்க வீங்கினாலோ நீலம் பாய்ந்தாலோ ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். காயம் சிவந்து சூடாகி நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், கிருமித் தொற்றாக இருக்கலாம். நிற்காத விக்கல், மார்புத் தசை துடிதுடிப்பது, மறுபடி தலைசுற்றல் இவையெல்லாம் லீட் நகர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மார்பு அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து இடக்கை வலித்தால் நேரே அவசரப் பிரிவுக்குத்தான்.

மற்றபடி மிச்சம் இருப்பவை சின்னச் சின்னத் தொல்லைகள். தழும்பைச் சுற்றிக் கொஞ்சம் இடம் மரத்தே இருக்கிறது. தோள்பையை வலது பக்கம் மாற்றிக்கொண்டேன். காரில் சீட் பெல்ட்டுக்கு அடியில் மடித்த துணி வைக்கிறேன். அதற்காகப் பெல்ட்டைப் போடாமல் இருந்துவிடாதீர்கள். இடப்பக்கம் படுக்கும்போது கைக்கு அடியில் ஒரு தலையணை இருந்தால் போதும்.

பேட்டரி தீரும்போது மறுபடி ஒரு ஆபரேஷன் இருக்கிறது. லீட்டுகள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அவற்றைத் தொடாமல் கருவியை மட்டும் மாற்றுவார்கள். எந்த அசைவை எந்த நாளிலிருந்து செய்யலாம் என்று அப்போது கையெழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.