காலம் 100 மீட்டர்: கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கும் நுண்குழாய் பற்றிய மதிப்புரை

கொழுப்பு அமிலங்களைப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகங்களில் 'காலம்' என்றால் நேரம் என்று பொருளல்ல. கலவையை ஆவியாக்கி அதன் கூறுகளைப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபிக் கருவியின் வெப்ப அறைக்குள் வளையமாகச் சுற்றி மாட்டப்படும், உட்சுவரில் மெல்லிய படலம் பூசிய நுண்குழாயைத்தான் அப்படி அழைக்கிறோம். இங்கே நான் மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது 100 மீட்டர் நீளமும் 0.25 மில்லிமீட்டர் உள்விட்டமும் 0.20 மைக்ரோமீட்டர் படலத் தடிமனும் கொண்ட சயனோபுரொப்பில் வகைக் குழாய். இதற்கு அந்தச் சொல்லின் இரு பொருளுமே பொருந்தும், ஏனென்றால் ஒரே மாதிரியை ஓட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. தாவர எண்ணெய், பால் கொழுப்பு, மீன் எண்ணெய், இரத்தச் சிவப்பணு ஆகிய நான்கையும் இரண்டு ஆண்டுகளாக இதில் ஓட்டிப் பார்த்த பிறகு, முதல் இரண்டுக்கும் இதற்கு நிகரில்லை என்றும், மற்ற இரண்டுக்கும் இதை வாங்கியது எங்கள் அவசரம் என்றும் சொல்வேன்.

இக்குழாயின் பெருமை முழுவதும் ஒரே வேலையில் அடங்கியிருக்கிறது: ஒரே நீளமும் ஒரே எண்ணிக்கையில் இரட்டைப் பிணைப்பும் கொண்டு, அந்தப் பிணைப்பு சிஸ் வடிவில் (இருபுறச் சங்கிலியும் ஒரே பக்கம்) இருக்கிறதா டிரான்ஸ் வடிவில் (எதிரெதிர்ப் பக்கம்) இருக்கிறதா என்பதில் மட்டும் வேறுபடும் அமிலங்களை இது தனித்தனியாக வெளியேற்றிக் காட்டுகிறது. படலத்திலுள்ள சயனோ தொகுதிகள் இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்களை ஈர்ப்பதால், எளிதில் ஆவியாவதற்காக மெத்தில் எஸ்டர்களாக மாற்றி ஓட்டும் அமிலங்களுள் நிறைவுறாதவை, அதாவது இரட்டைப் பிணைப்பு உள்ளவை, குழாய்க்குள் கூடுதலாகத் தங்குகின்றன. அவற்றுள் சிஸ் வடிவம் சற்று அதிகமாகவும் டிரான்ஸ் வடிவம் சற்றுக் குறைவாகவும் தங்குவதால், டிரான்ஸ் வடிவ எலைடிக் அமிலத்தின் முகடு (வரைபடத்தில் அதைக் குறிக்கும் மேடு) சிஸ் வடிவ ஒலியிக் அமிலத்தின் முகட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. இந்தச் சிறிய இடைவெளியை அளக்கத்தக்க இடைவெளியாக மாற்றுவதற்குத்தான் இத்தனை நீளம் தேவைப்படுகிறது. ஜேம்ஸும் மார்ட்டினும் 1952இல் வாயு-திரவ குரோமட்டோகிராபி மூலம் எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டியபோது பயன்பட்டவை துகள் அடைத்த குட்டைக் குழாய்கள். அங்கிருந்து இவ்விடத்துக்கு வந்த தூரத்தை, பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெயின் ஒரு முகட்டு வரைபடத்தைப் (குரோமட்டோகிராம்) பார்த்தாலே உணரலாம்.

தாவர எண்ணெய்களில் டிரான்ஸ் கொழுப்பை அளப்பதற்கான ஏ.ஓ.சி.எஸ். (அமெரிக்க எண்ணெய் வேதியியலாளர்கள் சங்கம்) அமைப்பின் சிஇ 1எச்-05 முறை இந்த வகைக் குழாயைத்தான் கேட்கிறது. எஸ்பி-2560, சிபி-சில் 88 ஆகிய பெயர்களில் கிடைப்பவை இவ்வகையைச் சேர்ந்தவை. வெப்பநிலையை ஏற்றாமல் 180 டிகிரி செல்சியஸில் நிலையாக வைத்து ஓட்ட வேண்டும் என்ற அந்த முறையின் கட்டளை முதலில் பிடிவாதமாகத் தோன்றியது. நேரத்தை மிச்சப்படுத்த நாங்களே ஒரு வெப்ப ஏற்றத் திட்டத்தை அமைத்துப் பார்த்தோம்; 18 கார்பன்களும் மூன்று இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட ஆல்பா லினோலெனிக் அமிலமும், 20 கார்பன்களும் ஒரு பிணைப்பும் கொண்ட அமிலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வெப்பநிலை சில டிகிரி மாறினாலே இவ்விரண்டின் இடைவெளியும் வரிசையும் மாறிவிடும் என்பது இக்குழாயை ஆள்பவர் முதலில் கற்க வேண்டிய பாடம். இதை அறியாமல் அறிக்கை அனுப்பியிருந்தால், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்பா லினோலெனிக் அமிலம் இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதாகச் சொல்லியிருப்போம்.

பால் கொழுப்பில் இதன் எல்லை தெரிகிறது. அசைபோடும் விலங்குகளின் கொழுப்பில் 18 கார்பன் டிரான்ஸ் அமிலங்கள் ஒன்றிரண்டல்ல, பிணைப்பின் இடத்தைப் பொறுத்து ஒரு வரிசையாகவே இருக்கின்றன. அவற்றுள் 11ஆம் இடத்தில் பிணைப்பு உள்ள வாக்செனிக் அமிலம் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது, ஆனால் 13, 14ஆம் இடங்களில் பிணைப்பு உள்ளவை சிஸ் முகடுகளின் அடிவாரத்தில் புதைந்துவிடுகின்றன. 100 மீட்டர் போதாமல் 200 மீட்டர் குழாய் தேடுவதைவிட, வெள்ளி அயனி ஏற்றிய சிறு குப்பியில் டிரான்ஸ் பகுதியை முன்கூட்டியே தனியாக்கி ஓட்டுவது நல்லது. நாள் முழுக்கப் பிடிக்கும் வேலை இது என்றாலும் கிடைக்கும் எண்ணை நம்பலாம்.

இக்குழாயைப் பற்றி நான் கேட்ட புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் குழாயைப் பற்றியவை அல்ல, மாதிரி தயாரிப்பைப் பற்றியவை என்பதையும் சொல்ல வேண்டும். 'பியூட்டிரிக் அமிலம் குறைவாக வருகிறது' என்று எங்கள் ஆய்வகத்திலேயே ஒரு மாதம் குழாயை நொந்துகொண்டோம். பியூட்டிரிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டர் ஏறத்தாழ 102 டிகிரியில் கொதிக்கும் பொருள். கரைப்பானை நைட்ரஜன் ஊதி உலர்த்தும்போது அது கரைப்பானோடு சேர்ந்து பறந்துகொண்டிருந்தது. உலர்த்தும் படியை நீக்கி, சோடியம் மெத்தாக்சைடு கொண்டு எஸ்டராக்கி, மேலடுக்கை நேரடியாக உட்செலுத்தியதும் எண் நிமிர்ந்தது. ஆனால் இந்தக் காரமுறை, கிளிசரைடில் சேராமல் தனித்திருக்கும் கொழுப்பு அமிலங்களை எஸ்டராக்காது. கெட்டுப்போன எண்ணெய்க்கோ இரத்தப் பிளாஸ்மாவுக்கோ அதை மட்டும் நம்பினால் ஒரு பகுதி கணக்கிலேயே வராது. அமிலத்தால் எஸ்டராக்கும் அமிலமுறை அந்தக் குறையைத் தீர்க்கும், ஆனால் இணைப்பிணைப்பு (ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த இரட்டைப் பிணைப்புகள்) கொண்ட லினோலியிக் அமிலங்களின் வடிவத்தைக் குலைத்துவிடும். எந்த முறையைக் கையாண்டாலும் முகடுகள் அழகாகவே வரும், அழகான முகட்டைப் பார்த்து எண்ணும் சரியென்று நம்பிவிடுவதில்தான் ஆபத்து.

அளவறியச் சேர்க்கும் அகத்தரப் பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். 17 கார்பன் அமிலம் கைக்கு எளிதானது, ஆனால் பால் கொழுப்பில் அது இயல்பாகவே இருப்பதால் அங்கே பயன்படாது, பகுப்பாய்வு முறைகளை வகுக்கும் ஏ.ஓ.ஏ.சி. அமைப்பின் 996.06 முறை 11 கார்பன் அமிலத்தின் டிரைகிளிசரைடைச் சேர்க்கச் சொல்கிறது, கிளிசரைடாகச் சேர்ப்பதால் எஸ்டராக்கும் படி முழுமையடைந்ததா என்பதும் அதன்மூலம் தெரிந்துவிடும். முகடுகளை அடையாளம் காண, 4 முதல் 24 கார்பன் வரை 37 எஸ்டர்கள் அடங்கிய ஒப்பீட்டுக் கலவையைத்தான் பலரும் வாங்குகிறோம். அது நல்ல தொடக்கம். ஆனால் மீன் எண்ணெயிலும் இரத்தத்திலும் தவறாமல் காணப்படும் ஒமேகா-3 டோகோசாபென்டாயினோயிக் அமிலம் அதில் இல்லை. ஒலியிக் அமிலத்தை ஒட்டி வரும் சிஸ்-வாக்செனிக் அமிலமும் இல்லை. இவ்விரண்டையும் தனியே வாங்காதவரின் அறிக்கையில் 'அடையாளம் காணாதவை' என்ற வரி வீங்கிக்கொண்டே போகும்.

சிவப்பணுக்களுக்கு வருகிறேன். இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகிய இரண்டு நீண்ட ஒமேகா-3 அமிலங்களும் சிவப்பணுச் சவ்வின் மொத்தக் கொழுப்பு அமிலங்களில் எத்தனை விழுக்காடு என்பதே ஒமேகா-3 குறியீடு. 2004இல் ஹாரிஸும் வான் ஷாக்கியும் முன்வைத்த இக்குறியீட்டில் 8 விழுக்காடும் அதற்கு மேலும் விரும்பத்தக்கது, 4 விழுக்காடும் அதற்குக் கீழும் குறைவு. இதை அளக்க டிரான்ஸ் வடிவங்களின் நுட்பப் பிரிப்பு பெரிதாகத் தேவையில்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசிய 30 மீட்டர் குழாய் இதே வேலையைப் பல மடங்கு விரைவில் செய்கிறது, பல பிணைப்பு கொண்ட நீண்ட அமிலங்களின் வரிசையும் அதில் குழப்பமில்லாமல் வருகிறது. போதாக்குறைக்கு, சிவப்பணுவிலுள்ள பிளாஸ்மலோஜன்கள் (சவ்வுக் கொழுப்புகளில் ஒரு வகை) அமிலமுறையில் டைமெத்தில் அசெட்டால்களாக மாறிப் பால்மிட்டிக், ஸ்டியரிக் முகடுகளுக்கு அருகே புதிய முகடுகளை எழுப்புகின்றன. எந்தக் குழாயில் ஓட்டினாலும் இவற்றை அறிந்து ஒதுக்கியாக வேண்டும். மாதிரியை மைனஸ் 20 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு டி.எச்.ஏ. குறைந்ததற்குக் கருவியைக் குறை சொல்வோரும் உண்டு. சிவப்பணுவின் இரும்பு அந்தக் குளிரிலும் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும், மைனஸ் 80தான் பாதுகாப்பான இடம்.

உழைக்கும் திறனில் இதற்கு நடுத்தர மதிப்பெண்தான் தருவேன். 250 டிகிரிக்கு மேல் இவ்வகைப் படலம் தாங்காது. மாதிரியைக் குழாய் வழியே சுமந்து செல்லும் ஏந்து வாயுவில் ஆக்சிஜன் சிறிதளவு கசிந்தாலே வரைபடத்தின் அடிக்கோடு உயரத் தொடங்கும். வாயு வழியில் ஆக்சிஜன் வடிகட்டி இல்லாத ஆய்வகம் இதை வாங்குவதற்கு முன் அதை வாங்க வேண்டும். ஹீலியத்திலிருந்து ஹைட்ரஜனுக்கு மாறியபின் எங்கள் ஓட்ட நேரம் கணிசமாகக் குறைந்தது, பிரிப்பும் கெடவில்லை. ஆனால் வெப்ப அறைக்குள் கசிவை உணரும் கருவி இல்லாமல் அந்த மாற்றத்தைச் செய்யக்கூடாது.

என் மனக்குறை ஒன்று மட்டுமே. முதல் குழாய் தேய்ந்ததும் அதே பெயரில் வந்த இரண்டாவது குழாயில், அதே 180 டிகிரியில், லினோலெனிக் முகடும் 20 கார்பன் முகடும் முன்புபோல் விலகி நிற்கவில்லை. விற்றவரிடம் கேட்டபோது, அது அனுமதிக்கப்பட்ட வேறுபாட்டுக்குள் இருப்பதாகப் பதில் வந்தது. வெப்பநிலையை இரண்டு டிகிரி குறைத்ததும் இடைவெளி திரும்பியது. அன்று முதல், புதிய குழாயை மாட்டினாலும் பழைய குழாயின் முனையை அரை மீட்டர் வெட்டினாலும், இவ்விரு எஸ்டர்களை மட்டும் கலந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே மாதிரிகளை ஏற்றுகிறோம்.