நாரி நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போய் 48,500 ரூபாவைப் பறிகொடுத்தோம் – கொழும்பில் இருப்பவர்கள் கவனிக்கவும்

நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா. இன்று காலை ஐந்தாவது தடவையாக அந்த நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது, என் பெயரைக் கேட்டதுமே மறுமுனையில் இருந்த பெண் "முகாமையாளர் கூட்டத்தில் இருக்கிறார்" என்று சொல்லி வைத்துவிட்டார். எதற்காக அழைக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. ஆத்திரம் தணிந்த பிறகு எழுதினால் நாகரிகம் கருதிப் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. கண்ணாடிக் கதவும், குளிரூட்டியும், இரத்தப் பரிசோதனை தொடக்கம் ஸ்கேன் வரை எல்லாவற்றுக்கும் "பெக்கேஜ்" விலைப்பலகையும் வைத்திருக்கும் தனியார் பரிசோதனை நிலையங்களில் அதுவும் ஒன்று.

அம்மாவுக்கு 68 வயது. வெள்ளவத்தைச் சந்தைக்குத் தினமும் நடந்து போய் வந்தவர், கடந்த ஒரு வருடமாகப் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார். சிறிது தூரம் நடந்ததும் இரண்டு கெண்டைக்கால்களும் கனத்து விறைக்கும். எங்காவது உட்கார்ந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஆனால் சுப்பர்மார்க்கட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி எவ்வளவு நேரமும் நடப்பார். இதைச் சொன்னபோது சத்திரசிகிச்சை நிபுணர், தள்ளுவண்டிக் கதையே பாதி நோயைச் சொல்லிவிட்டது என்றார். தேய்மானத்தால் முள்ளந்தண்டின் நரம்புக் கால்வாய் ஒடுங்கியவர்களுக்கு, முன்னால் குனியும்போது அந்த இடம் சற்று அகன்று கொடுக்குமாம். நிமிர்ந்து நடக்கும்போது மறுபடியும் நெருக்குமாம்.

பல மாதங்கள் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்தும் பலன் இல்லாததால், அவர் துண்டில் இரண்டு பரிசோதனைகளை எழுதினார். ஒன்று, மருந்து (சில பகுதிகள் படத்தில் பளிச்சென்று தெரிவதற்காக ஊசியால் ஏற்றுவது) ஏற்றாத சாதாரண எம்.ஆர்.ஐ.; முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் இடைத்தட்டையும் நரம்பையும் அதுதான் தெளிவாகக் காட்டும். மற்றது, நின்ற நிலையில், முன்னால் குனிந்தும் பின்னால் வளைந்தும் எடுக்கும் எக்ஸ்றே. எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுக்கப்படுவதால், ஒரு முள்ளெலும்பு மற்றதன்மீது வழுக்கியிருந்தால் படுத்ததும் அது பழைய இடத்துக்குத் திரும்பி மறைந்துவிடக்கூடும், நிற்கும்போதுதான் பிடிபடும். சீ.ரீ. ஸ்கேன் தேவையில்லை என்றும், எலும்பை நுணுக்கமாகப் பார்க்க வேண்டியவர்களுக்கும், இதயமுடுக்கி போன்ற காரணங்களால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கும்தான் பெரும்பாலும் அது என்றும் சொன்னார். இவ்வளவு தெளிவாகச் சொல்லி அனுப்பிய பிறகும் நாங்கள் ஏமாந்தோம் என்பதுதான் என்னை வேகவைக்கிறது.

ஏமாந்த கணம் எது என்று எனக்குத் தெரியும். கருமபீடத்தில் நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து வெள்ளை மேலங்கி அணிந்த ஓர் இளைஞர் வந்து, "அம்மா எந்த ஊர்?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. குழாய் போன்ற இயந்திரத்துக்குள் போகப் பயம் என்று அம்மா சொன்னதும், தங்களிடம் இருப்பது பக்கங்கள் திறந்த இயந்திரம் என்றும், அதுவும் 1.5 டெஸ்லா காந்த வலுவுடையதுதான் என்றும், மூடிய இயந்திரத்தின் படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றும் உறுதி கூறினார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அம்மா, நான் பக்கத்திலதான் நிப்பன்" என்றார். மருந்து ஏற்றி எடுத்தால் இன்னும் தெளிவாக இருக்கும், எக்ஸ்றேயும் சேர்த்துப் பெக்கேஜாக 48,500 ரூபாதான், முழுவதையும் இன்றே கட்டினால் இன்றே எடுத்துவிடலாம் என்றார். வைத்தியர் மருந்து வேண்டாம் என்றுதானே எழுதினார் என்று ஒரு கணம் நினைத்தேன். நம்முடைய பிள்ளை, நமக்குப் பொய் சொல்வானா என்ற எண்ணம் அதை அமுக்கிவிட்டது. 48,500 ரூபாவையும் கட்டினேன்.

உலோகம் எதுவும் உடலில் இருக்கக் கூடாது என்பதால் அம்மா தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியிருந்தது. நாற்பத்துநான்கு வருடங்களாகக் கழற்றாத கொடி. கொளுக்கி இறுகிப்போயிருந்ததால் என் நகத்தால் நெம்பித் திறந்தேன். அம்மா அதைக் கைக்குட்டையில் சுற்றி, என் கைப்பைக்குள் வைக்க விடாமல், என் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே பிடித்துக்கொண்டு வெளியே இருந்தேன். எக்ஸ்றேயைப் படுக்கவைத்து எடுத்தார்கள் என்று பிறகு அம்மா சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை மீண்டும் வைத்தியரைச் சனல் பண்ணிக் காட்டியபோது அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்கே எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு இறுவட்டைக் கணினியில் போட்டு, படத்தோடு பதிவாகியிருந்த விபரங்களைத் திறந்து காட்டினார். காந்த வலு 0.3 டெஸ்லா. வலு குறைந்த இயந்திரத்தில் நல்ல படம் எடுக்க நேரம் அதிகம் பிடிக்கும். அவ்வளவு நேரம் நோவோடு அசையாமல் கிடக்க அம்மாவால் முடியவில்லை. படங்கள் எல்லாம் கலங்கியிருந்தன. கடைசி இடைத்தட்டின் ஊடாகக் குறுக்குவெட்டுப் படமே எடுக்கப்பட்டிருக்கவில்லை. மருந்து ஏற்றிய பிறகு எடுக்கப்பட்டிருக்க வேண்டிய படத் தொகுதியும் இறுவட்டில் இல்லை. அப்போதுதான் அம்மாவின் கைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஊசியே போடவில்லை என்றார் அம்மா. பற்றுச்சீட்டில் மருந்துக்கு 11,000 ரூபா தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. முன்பு முதுகில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், கிருமித்தொற்றோ கட்டியோ சந்தேகிக்கப்படுபவர்களுக்கும்தான் பெரும்பாலும் அந்த மருந்து தேவை, வெறும் தேய்மானத்துக்கு வேண்டியதில்லை என்றார் வைத்தியர். தேவையில்லாததை விற்று, விற்றதையும் கொடுக்கவில்லை. அம்மா நீரிழிவுக்காரர்; சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அந்த மருந்து ஆபத்தாகலாம், ஆனால் சிறுநீரகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவுமில்லை. ஆகவே ஏற்றாமல் விட்ட அந்த ஒரு களவுக்கு மட்டும் நன்றி சொல்லலாம்.

அறிக்கையில் இருந்தது "வயதுக்குரிய தேய்மான மாற்றங்கள்" என்ற ஒரு வரியும் அதன் அலங்காரங்களும்தான். இதைப் படத்தைப் பார்க்காமலே எழுதலாம். நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் வெளியான கட்டுரையொன்றின்படி, 20 வயதுக்காரர்களிலேயே 37 வீதமானவர்களுக்கும், 80 வயதில் 96 வீதமானவர்களுக்கும் இடைத்தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. தேய்மானம் இருக்கிறதா என்பது எங்கள் கேள்வியே அல்ல. எந்த இடத்தில், எந்த நரம்பு, எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

திங்கட்கிழமை நேரில் போனேன். அந்த இளைஞர் என்னைக் கண்டதும் உள்ளே போனவர்தான், திரும்பி வரவில்லை. கருமபீடத்தில் முதலில், அறிக்கை எழுதிய வைத்தியர் விடுமுறையில் என்றார்கள். பிறகு, திறந்த இயந்திரம் வேண்டும் என்று நீங்கள்தானே கேட்டீர்கள் என்று, அம்மா ஆங்கிலப் படிவத்தில் வைத்த கையொப்பத்தைக் காட்டினார்கள். 1.5 டெஸ்லா என்று சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். மருந்துக்கான 11,000 ரூபாவைப் பற்றிக் கேட்டதற்கு, பெக்கேஜைப் பிரித்துப் பணம் திருப்பிக் கொடுப்பது கணினியில் முடியாது என்றார்கள். கடைசியில் பெரிய மனது பண்ணி, அதே இயந்திரத்தில் இலவசமாக மறுபடி எடுத்துத் தருவதாகவும், அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் பத்து வீதக் கழிவு தருவதாகவும் சொன்னார்கள். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், பதில் இல்லை. 48,500 ரூபா என்பது அப்பாவின் ஒரு மாத ஓய்வூதியத்தை விட அதிகம்.

நேற்று வேறோர் இடத்தில், கடன் வாங்கிய பணத்தில், மீண்டும் எடுத்தோம். அம்மா மறுபடியும் தாலிக்கொடியைக் கழற்றினார். இம்முறை ஒன்றும் பேசவில்லை. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்றேயில் நான்காவது நாரி முள்ளெலும்பு ஐந்தாவதன்மேல் முன்னால் வழுக்கியிருப்பது எனக்கே தெரிந்தது.

இந்த வலு குறைந்த இயந்திரங்களே மோசம் என்று நான் சொல்லவில்லை. மூடிய குழாய்க்குள் போகவே முடியாதவர்களுக்கு அவை உதவும். எதில் எடுக்கிறோம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் வைத்தியரிடம் கேட்டு நாங்களே முடிவெடுத்திருப்போம்.

எதைக் கேட்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. காசு கட்டுவதற்கு முன் இயந்திரத்தின் டெஸ்லா அளவைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வைத்தியரின் துண்டில் இல்லாத எதையும் பெக்கேஜ் என்று சேர்க்க விடாதீர்கள். எக்ஸ்றே "நின்ற நிலையில்" என்று எழுதியிருந்தால் நிற்கவைத்துத்தான் எடுக்க வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றிய இடம் மரத்துப்போனாலோ, கால் சட்டென்று சோர்ந்தாலோ விலை விசாரித்துத் திரியாமல் நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஏமாற்றப்பட்டிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நான் நாளை அங்கே போகிறேன்.

இன்னொன்று. இன்று மத்தியானம் அந்த நிலையத்திலிருந்து முதல் தடவையாக அவர்களாகவே அழைத்தார்கள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மீளாய்வு செய்வதற்காக இறுவட்டின் மூலப்பிரதியையும் அசல் பற்றுச்சீட்டையும் கொண்டுவந்து ஒப்படைக்கட்டுமாம். உங்களிடமும் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.