ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுக்கப் போகிறீர்களா? மணலுக்குத் தனி இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்

3,60,000 க்ரோனா. நம்ம பணத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல். கெஃப்லவிக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வாடகைக் கார் கம்பெனி போன செவ்வாய்க்கிழமை என் கிரெடிட் கார்டிலிருந்து உருவிக்கொண்டது. நான் எதிலும் இடிக்கவில்லை, பள்ளத்தில் விடவில்லை, ஆற்றில் இறக்கவில்லை. காற்று அடித்தது, மணல் பறந்தது. அவ்வளவுதான்.

வாடகைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு வெளிநாட்டு இணையதளத்தில்தான் காரைப் புக் செய்தேன். 'முழுப் பாதுகாப்பு' என்று போட்டு அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார்கள். கெஃப்லவிக்கில் இறங்கியபோது இரவு பதினொன்று. கவுண்டரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல சிரித்த முகம். அங்கே பிரபலமான அதிமதுரம் போட்ட சாக்லேட் ஒன்றை எடுத்து என் மகளுக்குக் கொடுத்தான். நான் விவரம் தெரியாமல் போகவில்லை. "மணல், சாம்பலுக்குன்னு தனியா ஒரு இன்சூரன்ஸ் இருக்காமே, அது இதுல சேர்ந்திருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். "அது எரிமலை வெடிச்சாத்தான் சார் தேவைப்படும். உங்க பேக்கேஜ்ல எல்லாம் அடக்கம், நிம்மதியா போயிட்டு வாங்க" என்றான். என் மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டாள். டேப்லெட்டை நீட்டினான், விரலால் கையெழுத்துப் போட்டேன். நான் ஏமாந்த இடம் அதுதான். அந்தப் பக்கத்தை மேலே தள்ளிப் படித்திருக்க வேண்டும்.

நான்கு நாள் நன்றாகவே போனது. செல்யாலாண்ட்ஸ்ஃபாஸ், ஸ்கோகாஃபாஸ் அருவிகள், யோகுல்சார்லோனில் மிதக்கும் பனிப்பாறைகள் எல்லாம் பார்த்தோம். அந்த அழகைப் பற்றி எழுதுகிற மனநிலையில் இப்போது நான் இல்லை.

ஐந்தாம் நாள் ஒன்றாம் எண் சாலையில் விக் ஊரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊருக்குக் கிழக்கே மிர்தால்சாண்டுர் என்று ஒரு கறுப்பு மணல்வெளி இருக்கிறது. மிர்தால்ஸ்யோகுல் பனிப்பாளத்துக்கு அடியில் கட்லா எரிமலை இருக்கிறது. அது வெடிக்கும்போதெல்லாம் பனி உருகிப் பெருவெள்ளமாக அடித்துக்கொண்டு வந்து கொட்டிய மணலும் சாம்பலும்தான் அந்த வெளி முழுக்க. அப்படிப்பட்ட பெரிய வெடிப்பு கடைசியாக நடந்தது 1918-ல். அந்தப் பழைய மணல் பறப்பதற்கு இன்றைக்கு எந்த எரிமலையும் வெடிக்க வேண்டியதில்லை, காற்று போதும். அந்தப் பையனுக்கு இது தெரியாதா?

காலையில் வானிலைப் பக்கத்தில் காற்று 22 என்று போட்டிருந்தது. கிலோமீட்டர் கணக்கு என்று நினைத்துவிட்டேன். அங்கே வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் போடுவார்கள். 22 என்றால் மணிக்கு எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே. இருபது நிமிடம், தகரத்தின் மேல் அரிசியை அள்ளி அள்ளி வீசுகிற மாதிரி சத்தம். மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். விக்கில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, "என்னங்க, இதைத் தொட்டுப் பாருங்க" என்றாள் மனைவி. இடது பக்க ஹெட்லைட் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. கதவில் பெயிண்டின் பளபளப்பே போயிருந்தது.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருவர் டார்ச் அடித்து முழங்காலிட்டு ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். கண்ணாடி, ஹெட்லைட், இடது பக்கம் முழுக்கப் பெயிண்ட்: 3,60,000 க்ரோனா. "முழுப் பாதுகாப்பு எடுத்திருக்கேனே" என்றால், கவுண்டரில் இருந்த பெண் என் கையெழுத்தைத் திறந்து காட்டினாள். மணல், சாம்பல் வரிசையில் 'வேண்டாம்' என்று டிக். அதை நான் போடவில்லை! கையில் வரும்போதே போட்டிருந்தது. அந்தப் பையன் எங்கே என்றேன். இன்று அவன் ஷிஃப்டில் இல்லையாம். எங்களுக்கு விமானம் பிடிக்க இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இதுவரை ஆறு மெயில். கம்பெனி, "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு எண்ணைக் கொடுத்ததோடு சரி. இணையதளக்காரர்களோ, கார் கம்பெனியின் அடிப்படைக் காப்பீட்டில் சேராத சேதம் எங்கள் பாதுகாப்பிலும் சேராது, நீங்கள் அவர்களையே கேளுங்கள் என்கிறார்கள். அவர்களைக் கேட்டால், இணையதளத்தில் வாங்கியதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்கிறார்கள். பேங்கில், "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்." வாயால் சொன்னதற்கு எங்கேயும் மதிப்பில்லை.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மணல், சாம்பல் காப்பீடு உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள், அதிலும் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கேளுங்கள். சாவி வாங்கியதும் ஹெட்லைட்டைக் கிட்டத்தில் வீடியோ எடுங்கள். மஞ்சள் எச்சரிக்கை வந்தால் மணல்வெளிப் பக்கமே போகாதீர்கள். காற்று கதவைப் பிடுங்கினால் அதற்கும் பெரும்பாலும் காப்பீடு கிடையாது, இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். எண்ணுக்கு முன்னால் எஃப் (F) என்ற எழுத்து போட்ட மலைச் சாலைகளில் சின்னக் காரை விடவே கூடாது.

இதே மாதிரி மாட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பேங்க் வழியாகவா, அங்கேயே புகார் கொடுத்தா என்று மட்டும் எழுதுங்கள். 3,60,000 க்ரோனாவை என்னால் விட முடியாது.