மனநல ஆலோசகர்: நேரிலா, ஆன்லைனிலா?

செலவு
நேரில்: கட்டணத்தோடு போக்குவரத்தும் அரை நாள் லீவும் சேரும்.
ஆன்லைனில்: கட்டணம் மட்டும்தான். சந்தா முறை என்றால் ரத்து விதிகளை முதலில் படியுங்கள்.

தேர்வு
நேரில்: பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர்தான்.
ஆன்லைனில்: உங்கள் மொழி பேசுபவரை, உங்கள் பிரச்சினையில் அனுபவமுள்ளவரைத் தேடலாம். ஆனால் பல நாடுகளில், நீங்கள் இருக்கும் இடத்தில் செல்லுபடியாகும் உரிமம் அவருக்கு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அந்தரங்கம்
இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. ஆலோசகரின் அறையில் கதவைச் சாத்தினால் போதும். வீட்டில், அடுத்த அறையில் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? ஓரமாக நிறுத்திய காருக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுகிறவர்கள் உண்டு.

பலன்
மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ள உதவும் பேச்சு சிகிச்சை) வீடியோ வழியாகவும் ஏறக்குறைய நேரில் போலவே பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. என்ன, மேசைக்குக் கீழே ஆடும் காலும் பிசையும் விரல்களும் திரையில் தெரியாது.

வெளியே போகவே பயம், நேரமே கிடைக்கவில்லை என்றால் ஆன்லைனில் தொடங்குங்கள். சிறு குழந்தைகளுக்கு, சாப்பிடவே மறுப்பது, அளவில்லாமல் சாப்பிடுவது போன்ற கடுமையான உண்ணுதல் கோளாறுக்கு, இல்லாத குரல்கள் கேட்பவர்களுக்கு நேரில்தான் சரி. தற்கொலை எண்ணம் வந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம்; உடனே அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னும் குழப்பமா? முதலில் நேரில் பார்த்துவிட்டு அப்புறம் வீடியோவுக்கு மாறலாமா என்று கேட்டுப் பாருங்கள்.